நிறம் தேடிய சர் சி.வி. இராமன்



வாடிப்பட்டி வயல் பச்சை என்கிறோம். அந்தப் பச்சை நெற்பயிரில் இருக்கிறதா, இல்லை நம்ம மண்டைக்குள் இருக்கிறதா? கேட்டால் பைத்தியக்காரக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் இதன் இரண்டு பக்கத்தையும் ஆராய்ந்து பார்த்த ஒரு தமிழர் உண்டு. அவர்தான் சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு அறிவியல் இதழில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. நமக்கும் அதே வயசுதான், நாம இன்னும் அரியரை எண்ணிக்கொண்டிருக்கிறோம்! அவர் வீட்டில் புத்தகம் இருந்தது. எங்க வீட்டுக்குள் வந்த முதல் புத்தகமே என் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்தான். அதனால் அவர் நமக்கு எட்டாதவர் என்றே நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவர் செய்ததெல்லாம் எல்லோரும் பார்ப்பதை இன்னொரு தரம் பார்த்ததுதான்.

1907-ல் எம்.ஏ. முடித்துக் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தார். 1917-ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

1921-ல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது கப்பலில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அடர்ந்த நீலம்! அது வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். இராமன் நிகோல் பட்டகம் ஒன்றை எடுத்துப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. கடலுக்கே சொந்த நீலம் உண்டு, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம் என்றார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிவிடுவதும் பெரிய காரணம் என்பது இன்றைய விளக்கம்.

அந்த வழியே போய்த்தான் 1928 பிப்ரவரி 28-ல் இராமன் விளைவைக் கண்டார். ஒரே நிற ஒளி திரவத்துக்குள் போய்ச் சிதறும்போது, அதில் கொஞ்சம் வேறு அலைநீளத்தில் வெளிவருகிறது. உடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்து நம்ம மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை நிறத்தை வெளியே தேடினார். வயதான காலத்தில், பெங்களூரில் 1948-ல் தாம் தொடங்கிய ஆய்வு நிலையத்தில், ரோஜாக்களின் நிறத்தையும் மனிதக் கண்ணையும் ஆராய்ந்தார். 1968-ல் பார்வையைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். மூன்று வகைக் கூம்புச் செல்களே நிறத்தை உணர்த்துகின்றன என்ற கொள்கையை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்தக் கொள்கைதான் சரி என்று செல்களை அளந்து பார்த்த சோதனைகள் காட்டிவிட்டன. மேதையும் சறுக்குவார்; ஆனால் 80 வயதிலும் தேடலை நிறுத்தவில்லையே! 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் பெரியம்மா மகன் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் தெரியும். தக்காளித் தோட்டத்தில் காயையும் சேர்த்துப் பறித்துவிட்டு, வேணும்னே செய்கிறான் என்று அடி வாங்கியிருக்கிறார். பிறகு புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கண் பரிசோதனையில் தேறாமல் ஒரு வேலையும் போனது. தக்காளியிலிருந்து அவருக்கு வந்த ஒளியும் எனக்கு வந்த ஒளியும் ஒன்றுதான். கண்ணின் கூம்புச் செல்தான் வேறு. எங்க பெரியம்மாவுக்கு இதை நான் விளக்கியபோது அது ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஆக, எந்த அலைநீளத்தைத் திருப்பி அனுப்புவது என்பது பொருளின் வேலை. அதைச் சிவப்பு என்று உணர்வது கண்ணும் மூளையும் செய்யும் வேலை. இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை.

தோழர்களே! லேபில் பக்கத்தில் நிற்கிறவன் ரெசிஸ்டரின் சிவப்புக் கோட்டைப் பச்சை என்று சொன்னால் சிரிக்காதீர்கள். மல்டிமீட்டரை எடுத்து அவன் கையில் கொடுங்கள்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை