கபிலர் காப்பாற்றிய நட்பு

கொல்லிமலைக்குப் போகாத நம் கல்லூரி மாணவர் யாராவது உண்டா? எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் குரூப் போட்டோ எடுத்தால்தான் நமக்கு டூர் முடியும். அந்த ஓரி மாண்ட செய்தியைக் காதல் பாட்டுக்குள் வைத்துப் பாடிய கபிலரைப் பற்றி நாலு வார்த்தை எழுதுகிறேன். இன்ஜினியருக்கு இலக்கியம் எதற்கு என்று சிரிக்காதீர்கள்!

அவர் பாண்டிய நாட்டுத் திருவாதவூர்க்காரர் என்பார்கள். மலையையும் காதலையும் பாடுவதில் மன்னர். குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளுக்குள் 99 பூக்களை அடுக்கிக் காட்டியவர். நற்றிணையில் ஒரு பாட்டு. பரத்தை ஒருத்தி தெருவில் ஒயிலாக நடக்கிறாள். ஊரே கூச்சல் போடுகிறது. ஓரியைக் கொன்ற மலையமான் காரி, ஓரியின் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை அதற்கு உவமை சொல்கிறார் கபிலர்.

அவருடைய உயிர் நண்பன் பறம்புமலைப் பாரி. இன்று சிவகங்கை மாவட்டத்திலுள்ள பிரான்மலைதான் அது. மூவேந்தர் பகையில் பாரி மாண்டான், மலையும் போயிற்று. ரோமில் காதல் பாடிய ஓவிட் என்ற கவிஞரை, கி.பி. 8-இல் பேரரசர் அகஸ்டஸ் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தினார். கபிலரை யாரும் துரத்தவில்லை. நண்பனின் இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டுமென்று தாமாகவே ஊர் ஊராக அலைந்தார். விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். இரண்டு பேருமே கைவிரித்தார்கள்.

கடைசியில் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது.

அவர் பாடிய பிறகு காரியைப் பாட மற்றவர்களுக்கு இடமே இல்லை என்று மாறோக்கத்து நப்பசலையார் தயங்கியிருக்கிறார். நக்கீரரும் தம் பாட்டில் கபிலர் பெயரை எடுத்திருக்கிறார்.

நண்பர்களே, நம் செட்டிலும் சிலர் இன்று இல்லை. அவர்கள் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தச் சந்திப்பில் சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கொஞ்சம் பேசுவோமே!