லிஸ்பனில் பிறந்து ஓரியூரில் இறந்தவர்

இந்த முறை நான் புனித அருளானந்தர் பற்றி எழுதுகிறேன்.

இவருடைய சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1இல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். சின்ன வயசில் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். 1673இல் இந்தியா வந்தார். காவி உடுத்தி, கறி மீனை விட்டு, தமிழ் படித்து, நம்ம வெயிலில் ஊர் ஊராக நடந்தார்.

1686இல் மறவர் நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கிழவன் சேதுபதி, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். லிஸ்பன் போனவர் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்துட்டார்!

தடியத்தேவர் என்பவர் இவரால் கிறிஸ்தவரானார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் கடலாயி என்பவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் தந்தார்கள்.

ஓரியூர் நம்ம பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம்தான். அங்குள்ள ஆலயத்தின் முகப்பு போர்த்துகீசிய பாணி. நம்ம கரிசல் மாதிரி இல்லாம அங்கே மண் சிவப்பு. அவர் ரத்தம் பட்டுத்தான் சிவந்தது என்று மக்கள் நம்புறாங்க.

சாவு வரும்னு தெரிஞ்சும் திரும்பி வந்த அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு தப்பும் செய்யாம விலக்கப்பட்ட கடலாயி பக்கமும் நியாயம் இருக்குதானே? நீங்களும் யோசிங்க தோழிகளே.