ஓமந்தூராரும் ஒரு வரி விதியும்

சென்னையில் இன்டர்ன்ஷிப் போய்வந்த நம்ம பசங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, ஓமந்தூரார்னா யாருன்னு. பாதிப் பேர் ஹாஸ்பிடல்னு சொல்வாங்க. மீதிப் பேர், மெட்ரோவுல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா வர்ற இடம்னு சொல்வாங்க. ரெண்டும் தப்பில்லை. 2010-ல் புதிய சட்டமன்றமாகத் திறக்கப்பட்டு, 2014-ல் மருத்துவமனையாக மாறிய அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தின் பெயர் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். ஆனா அந்த ஓமந்தூர் எங்க இருக்குன்னு கேட்டா, மேல்பாக்கத்துல நாலு வருஷம் படிச்சவங்களே முழிக்கிறாங்க. வாரக்கடைசியில திண்டிவனத்துல இருந்து பாண்டிக்குப் பஸ் ஏறுறோமே, அந்த வழியில இருக்கிற ஊர்தாங்க அது.

இந்த இதழுக்கு ஏன் அவர் கதை? நம்ம தொழில்முனைவோர் கூட்டத்துல எளிமை என்ற பேச்சு வந்தா ரெண்டு கதை கட்டாயம் வரும். ஒண்ணு, 1997-ல் ஆப்பிளுக்குத் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், டஜன் கணக்கான மாடல்களைத் தூக்கிப் போட்டுட்டு நாலே கட்டம் வரைந்தது. இன்னொண்ணு, நம்ம பக்கத்து கடலூர்ல சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்ன சாஷேயில் அடைத்தது. ரெண்டுமே நல்ல கதைகள். ஆனா ரெண்டையும் நாம சொல்ற விதம் ஒண்ணுதான்: எளிமையா யோசிச்சாங்க, ஜெயிச்சாங்க. எளிமைக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கொடுக்க எல்லாரும் தயாரா இருக்க மாட்டாங்க என்பதை இந்தக் கதைகள் சொல்றதில்லை. அதைத் தெரிஞ்சுக்க, ஒரு வரியில் சொல்லக்கூடிய விதியைப் பிடிச்சுக்கிட்டு இரண்டே ஆண்டில் நாற்காலியை இழந்த ஒரு விவசாயியைப் பார்க்கணும்.

ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1-ஆம் தேதி ஓமந்தூரில் பிறந்தார். நிலம் வைத்திருந்த குடும்பம். திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பு. பிறகு விவசாயம், காங்கிரஸ், கதர், சிறை. அந்தத் தலைமுறைத் தலைவர்கள் பலருக்கும் இதே வரிசைதான் என்பதால் இங்கே வேகமாகக் கடந்துவிடுகிறேன். அவரைத் தனியாகக் காட்டுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வள்ளலார் மீதும் திருவண்ணாமலை ரமணர் மீதும் அவருக்கு இருந்த ஆழ்ந்த பற்று. இரண்டு, எந்தக் கோஷ்டிக்கும் தலைவராக இருக்க அவர் முயலவே இல்லை.

அந்த இரண்டாவது குணம்தான் அவரைப் பதவியில் உட்கார வைத்தது. 1946 தேர்தலுக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் பிரகாசம் ஆட்சி அமைத்தார். கட்சிக்குள் ராஜாஜி பக்கம், காமராஜர் பக்கம், ஆந்திரப் பக்கம் என்று ஒரே இழுபறி. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிரகாசம் இறங்க வேண்டியதாயிற்று. அடுத்து யார் என்றபோது, காமராஜர் பக்கத்தின் ஆதரவோடு 1947 மார்ச்சில் வந்தவர் ஓமந்தூரார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். விசாகப்பட்டினம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பெரிய மாகாணம். நான்கு மொழி. ஆகஸ்ட் 15-ஆம் தேதி நாடு விடுதலை பெற்றபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் நம்ம ஊர்க்காரர்.

இப்போ அந்தக் காலத்தை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. உலகப் போர் முடிஞ்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கட்டுப்பாடு. பஸ் ஓட்டணுமா, பெர்மிட் வேணும். கடை வைக்கணுமா, லைசென்ஸ் வேணும். ஒவ்வொரு பெர்மிட்டுக்குப் பின்னாலும் பணம். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கட்சி ஆட்சிக்கு வந்தாச்சு. சிறைக்குப் போனவங்க, போகாதவங்க எல்லாருமே கையில ஒரு சிபாரிசோடு கோட்டைக்குப் போற காலம்.

ஓமந்தூரார் வைத்த விதி ஒரே வரி. நிர்வாகத்தில் கட்சிக்காரர் தலையிடக் கூடாது, சிபாரிசு செல்லாது. அவ்வளவுதான். இதுக்கு இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டு எல்லாம் கிடையாது. தன் சொந்த மாவட்டத்துக்காரர், பழைய சிறைத் தோழர், தன்னைத் தலைவராக்க வாக்களித்த எம்.எல்.ஏ. என்று யாருக்கும் அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

ஒரு விதி எளிமையா இருக்குன்னா அதோட அர்த்தம் என்னன்னு நாம சரியா யோசிக்கிறதில்லை. சின்னதா இருக்குன்னு அர்த்தம் இல்லை. புகுந்து போக அதுல சந்து இல்லைன்னு அர்த்தம். சிக்கலான விதியை எழுதுறவங்க எப்பவும் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொரு உட்பிரிவும் யாரோ ஒருத்தருக்குச் செய்து கொடுத்த வசதி. நிறைய பேரைத் திருப்திப்படுத்தணும்னா விதி நீளமாகத்தான் வரும். நம்ம சிம்போசியம் விதிமுறைகளை எடுத்துப் பாருங்க, எந்தத் துறைக்காக எந்த வரி சேர்ந்ததுன்னு உங்களுக்கே தெரியும்.

அவர் ஆட்சி செய்த அந்த இரண்டு ஆண்டில் நிறைவேறிய சட்டங்களைப் பாருங்க. 1947-ல் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம்: இந்துக்களில் எந்தச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம். அதே 1947-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம்: பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது குற்றம். இதற்காக முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலிருந்து சட்டமன்றத்தில் போராடியிருந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசியிருந்தார். அந்தப் பெருமை அவர்களுக்கே. ஓமந்தூரார் அரசு செய்தது, இருபது ஆண்டுகளாக நீண்ட விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது நில விஷயம். இதை நம்ம எஞ்சினியர் மூளையோடு பார்த்தால் சுவாரசியமா இருக்கும். மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் ஜமீன்களிடம் இருந்தது. 1802-ல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட ஏற்பாடு. உழுகிறவர் ஜமீனுக்குக் கொடுப்பார், ஜமீன் அரசுக்குக் கொடுக்கும், நடுவில் தங்குவது தங்கும். நம்ம தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி. இங்கே விவசாயி நேராக அரசுக்கே வரி கட்டினார். அதுவும் சுகமான ஏற்பாடு இல்லைதான். ஆனால் நடுவில் ஆள் இல்லை.

ஜமீன் நிலத்தில் எவ்வளவு வாரம் வாங்கலாம் என்பதற்கு நூற்றாண்டுக் கணக்கில் வழக்குகள், கணக்குகள், பழக்கங்கள். ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் குறைக்க வேண்டும் என்றால் இன்னொரு நூற்றாண்டு போதாது. 1947-ல் வந்த வாரக் குறைப்புச் சட்டம் அந்தச் சிடுக்குக்குள் போகவே இல்லை. அக்கம்பக்கத்து ரயத்துவாரி நிலத்தில் என்ன தீர்வையோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஜமீன் வாரமும் இறங்கட்டும் என்றது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்து வயலையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஏர் பிடித்த எவருக்கும் இதை அரை நிமிஷத்தில் புரியவைக்கலாம். மக்களிடம் சொல்ல முடிகிற திட்டம் வேற, செய்ய முடிகிற திட்டம் வேற இல்லைங்க. பல நேரம் ரெண்டும் ஒண்ணுதான்.

அடுத்த படி ஜமீன் ஒழிப்பு. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம். நடுவில் இருந்த அடுக்கையே எடுத்துவிட்டு, நட்ட ஈடு கொடுத்து, எல்லா நிலத்தையும் ரயத்துவாரியாக மாற்றுவது. சட்டத்தின் பெயரிலேயே அதன் முழுத் திட்டமும் இருக்கிறது: எஸ்டேட்டுகளை ஒழித்தலும் ரயத்துவாரியாக மாற்றலும்.

பாரதி விஷயமும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமை பல கைகளில் சிதறிக் கிடந்தது. சினிமாவில், ரேடியோவில் பாட அனுமதி வாங்க வேண்டிய நிலை. ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார். 1949-ல் அரசே உரிமைகளை வாங்கியது. 1950-களில் அவை பொதுச் சொத்தாயின. இன்னைக்கு நீங்க கல்லூரி விழாவுல பாரதி பாட்டைப் பாடி யூடியூப்ல போட யாரையும் கேட்க வேண்டியதில்லைன்னா, அதற்கான முதல் கையெழுத்து அந்த ஆட்சியில் விழுந்தது.

எல்லாமே சரியா நடந்ததுன்னு நான் சொல்ல வரலை. மதுவிலக்கு இருக்கே. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியதை, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதற்கும் விரித்தது ஓமந்தூரார் அரசு. கள், சாராய வருமானத்தை மொத்தமாக விட்டுக்கொடுக்கத் துணிந்தார்கள், அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் குடிக்கக் கூடாது என்று ஒரு வரியில் எழுதுவது எளிது. மனிதனின் தாகம் அந்த வரிக்குள் அடங்கவில்லை. கள்ளச்சாராயம் பெருகியது. 1971-ல் விலக்கே தளர்த்தப்பட்டது. கடை திறந்திருந்தாலும் கள்ளச்சாராயம் போகலை என்பது நம்ம பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 2023-ல் மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில், 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் குடித்துச் செத்தவர்கள் நம்ம ஊர்க் கூலிக்காரர்கள். ஆக, வார வரியைக் குறைத்த எளிமைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே விதியை நடத்திக் காட்ட பக்கத்து வயல் என்ற ஒரு பொருள் கண்முன் இருந்தது. இங்கே ஆசை மட்டும்தான் இருந்தது. வகுப்பில் இதைப் பற்றி யாராவது என்னோடு சண்டை போட்டாலும் சரி, என் கருத்து இதுதான்.

அரசு வேலைப் பங்கீட்டிலும் ஒரு கணக்கு போட்டார்கள். 1947-ல் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணைப்படி, 14 இடங்கள் நிரப்பப்பட்டால் 6 பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு, 2 பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு, 2 பிராமணர்களுக்கு, 2 தாழ்த்தப்பட்டோருக்கு, 1 கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ-இந்தியருக்கு, 1 முஸ்லிமுக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கு எனத் தனி இடம் இந்த ஆணையில்தான் வந்தது. இதே விகிதத்தில் கல்லூரி இடங்களைப் பங்கிட்ட ஆணையைத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் எதிரொலியாக அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நம்ம கவுன்சலிங் வரிசையின் பழைய வேர் அது.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க, இரண்டு வருஷத்தில் யார் யார் மனக்கசப்போடு இருந்திருப்பாங்கன்னு. ஜமீன்தார்கள். சாராயக் குத்தகைக்காரர்கள். கோயில், மடச் சொத்தை அனுபவித்தவர்கள், ஏன்னா அறநிலையச் சட்டத்தைக் கடுமையாக்கும் வேலையும் அவர் காலத்தில் நடந்தது. பங்கீட்டில் அதிருப்தி அடைந்தவர்கள். ஆனால் இவங்க யாரும் அவரை இறக்கலை. இறக்கியது சொந்தக் கட்சி. சிபாரிசோடு போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் கட்சிக்குள் ஒவ்வொரு மாவட்டத்திலும் சேர்ந்துகொண்டே போனார்கள். கோஷ்டி இல்லாதவர் என்பதால் மேலே வந்தவருக்கு, அதே காரணத்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. கொண்டுவந்த காமராஜர் பக்கமே இப்போது குமாரசாமி ராஜாவை முன்னிறுத்தியது. விதியில் ஒரே ஒரு விலக்கு சேர்த்திருந்தால், நாலு பெர்மிட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், 1952 தேர்தல் வரை ஓட்டியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அவர் சேர்க்கலை. 1949 ஏப்ரல் 6-ஆம் தேதியோடு பதவி முடிந்தது.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியானது அதே ஏப்ரல் மாதத்தில்தான்.

பதவி போனவர் அடுத்த கோஷ்டியைத் தேடிப் போகவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-ல் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற ஊர். பசின்னு வந்தவனுக்குச் சோறு போடு, சாதி கேட்காதே. அந்த இடத்துக்கும் விதி ஒரு வரிதான். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கோட்டையில் இருந்தது இரண்டு வருஷம். அதற்குப் பிறகு வாழ்ந்தது இருபத்தொரு வருஷம். 1970 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலமானார். வடலூரில் ஓ.பி.ஆர். என்ற மூன்றெழுத்தோடு பள்ளிகளும் கல்லூரியும் இப்பவும் நடக்கின்றன. ஓமந்தூரில் ஒரு மணிமண்டபம் இருக்கிறது. பாண்டிக்குப் போற வழியில பத்து நிமிஷம் இருந்தா இறங்கிப் பார்க்கலாம்.