வானத்தின் உயரத்தை அளந்த கேமரா

 

இந்த முறை கார்ல் ஸ்டோர்மர் என்ற கணித மேதையைப் பற்றி எழுதுகிறேன். இவர் 1874-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி நார்வே நாட்டில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். மகனோ கணக்கில் புலி.

கல்லூரியில் படிக்கும்போது, 19 வயதில், இவருக்கு ஒரு ரகசிய கேமரா கிடைத்தது. தட்டு மாதிரி வட்டமா இருக்கும். அதைச் சட்டைக்குள்ளே மறைச்சு வச்சுக்குவார். பொத்தான் துளை வழியா லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும். பாக்கெட்டுக்குள்ள இருக்கிற கயிறை இழுத்தால் போதும், படம் விழுந்துடும். புகழ்பெற்ற நாடக ஆசிரியர் இப்சனைக்கூட இப்படித்தான் தெருவில் படம் எடுத்தார். கேட்காமல் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேமரா ஆசைதான் பின்னாடி அறிவியலுக்கு உதவியது.

1903-ல் இவர் கணிதப் பேராசிரியர் ஆனார். நார்வேயின் வடக்குப் பகுதியில் இரவு வானத்தில் பச்சை, சிவப்பு நிறத்தில் திரைச்சீலை ஆடுவது போல ஒளி தெரியும். இதுதான் துருவ ஒளி. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவப் பக்கம் திரும்பி, காற்றில் மோதுவதால் இது உண்டாகிறது. அந்தத் துகள்கள் போகும் பாதையை ஸ்டோர்மர் பல வருஷம் கையாலேயே கணக்குப் போட்டார். அப்போ கம்ப்யூட்டர் ஏது?

ஆனால் அந்த ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கு? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மலை உச்சிக்கும் கீழே இறங்கி வரும் என்றுகூடச் சிலர் நம்பினார்கள். இதைத் தீர்த்து வைக்க 1910-ல் இவர் கேமராவோடு வடக்கே பொஸ்ஸேகோப் என்ற ஊருக்குப் போனார்.

துருவ ஒளி மங்கலானது, ஆடிக்கிட்டே இருக்கும். ரொம்ப நேரம் லென்ஸைத் திறந்து வைத்தால் படம் கலங்கிப் போயிடும். அதனால் அதிக வெளிச்சத்தை வாங்கும் லென்ஸை வைத்துச் சில நொடிகளில் எடுத்தார். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் கேமராவோடு நிற்பார். தொலைபேசியில் சொல்லிக்கொண்டு இருவரும் ஒரே நொடியில் எடுப்பார்கள்.

ஏன் இரண்டு படம்? கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அடுத்த கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறின மாதிரி தெரியுதா? அதே போல இரண்டு படத்திலும் பின்னால் உள்ள நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் ஒளி இடம் மாறித் தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்து முக்கோணக் கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும். பெரும்பாலும் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில்தான் அதன் கீழ் விளிம்பு இருந்தது! மலை உச்சி எங்கே, அது எங்கே!

பல வருஷமாகப் பல ஆயிரம் படங்கள் எடுத்தார். 1955-ல் துருவ ஒளி பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். 1957-ல் மறைந்தார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2024 மே மாதம் நம் நாட்டு லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில்கூடச் சிவப்புத் துருவ ஒளி கேமராவில் பதிவானது. இப்போது செல்போனை ஆடாமல் நிறுத்தி, இரவுப் படத்துக்கான வசதியில் வைத்தாலே துருவ ஒளியைப் பிடித்துவிடலாம். ஆனால் படம் எடுப்பதோடு ஸ்டோர்மர் நிற்கவில்லை, அதை வைத்து அளந்தார். முக்கோணம் எதுக்குப் படிக்கணும்னு இனி யாராவது கேட்டால், நான் இவர் பெயரைத்தான் சொல்லுவேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி