கடல் காத்த குஞ்ஞாலி மரைக்காயர்

மேலைக் கடற்கரையின் வரலாற்றைப் பயில்வோர் எவரும் குஞ்ஞாலி மரைக்காயர் என்னும் பெயரைக் காணாது கடந்து செல்ல இயலாது. ஆயின், அது தனியொருவரின் பெயரன்று. கள்ளிக்கோட்டை மன்னராகிய சாமூதிரி தம் கடற்படைத் தலைவர்க்கு வழங்கிய பட்டமாகும். பதினாறாம் நூற்றாண்டில் வழிவழியாக நால்வர் அப்பட்டத்தைத் தாங்கினர். அவர்களுள் இறுதியானவர் முகம்மது மரைக்காயர். 1595இல் பொறுப்பேற்று 1600இல் கோவாவில் தலை துணிக்கப்பெற்ற இவர், போர்ச்சுக்கீசியர் ஏடுகளில் கடற்கொள்ளையராகவும், கேரள மக்களின் நெஞ்சில் மாவீரராகவும் இடம்பெற்றுள்ளார். இவ்விரு தீர்ப்புகளைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. நூறாண்டுக் காலம் ஒரு மன்னருக்காகப் போரிட்ட மரபின் கடைசித் தலைவர், பகைவரால் வெல்லப்பட்டா வீழ்ந்தார்? அல்லது தம் மன்னராலேயே கைவிடப்பட்டு வீழ்ந்தாரா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறங்கியர் வருகை

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தபோது, மலபார் சிறு சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் மிளகு வாணிகத்தாலும் அராபிய வணிகரின் நட்பாலும் வளம்பெற்றுத் தலைமை தாங்கியது சாமூதிரியின் அரசே. பறங்கியரிடம் பெரும்படை இல்லை. பீரங்கி பூட்டிய கப்பல்களே இருந்தன. எனவே நிலத்தை வெல்ல முற்படாது, ஓர் அரசருக்கு எதிராக மற்றோர் அரசரைத் தூண்டிவிடும் வழியை அவர்கள் மேற்கொண்டனர். சாமூதிரியின் மேலாண்மைக்கு உட்பட்டிருந்த கொச்சி மன்னரைத் தம்பால் ஈர்த்து, 1503இல் அவர் மண்ணில் கோட்டை கட்டினர். அதன்பின் கொச்சிக்கும் கள்ளிக்கோட்டைக்கும் நிகழ்ந்த போர்களில் மலையாள வீரர் இருபுறமும் மடிந்தனர். பயனை அடைந்தோர் பறங்கியரே.

கடலில் செல்லும் ஒவ்வொரு மரக்கலமும் தம்மிடம் 'கர்த்தாசு' என்னும் கடவுச்சீட்டைப் பெறவேண்டும் என்றும், பெறாத கலம் பறிமுதலாகும் என்றும் அவர்கள் விதித்தனர். தலைமுறை தலைமுறையாகத் தடையின்றிச் சென்றுவந்த கடலில், நேற்று வந்தவரிடம் ஒப்புதல் பெற்றுச் செல்லும் நிலை வணிகர்க்கு ஏற்பட்டது. சாமூதிரியிடம் நாயர் காலாட்படை உண்டு. கடலில் போரிடத்தக்க படை இல்லை. அக்குறையை நிறைவு செய்தவர்களே மரைக்காயர்.

சோழமண்டலக் கரையிலும் மலபார்க் கரையிலும் பரவி வாழ்ந்து, அரிசியும் மிளகும் துணியும் ஏற்றி வாணிகம் செய்துவந்த முஸ்லிம் பெருமக்கள் இவர்கள். இவர்தம் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். வணிகத்தை இழந்த நிலையில் இவர்கள் வாளேந்தினர். துடுப்பாலும் பாயாலும் விரைந்தோடும் சிறு படகுகளை ஆற்றுமுகங்களில் மறைத்து வைத்து, பறங்கியரின் பெருங்கலம் காற்றின்றித் தளரும் வேளையில் கூட்டமாகச் சூழ்ந்து தாக்குவது இவர்களது போர்முறையாகும். ஆழம் குறைந்த கழிமுகங்களில் பெருங்கலங்கள் பின்தொடர இயலாமையால், இச்சிறு படகுகள் பல்லாண்டு பறங்கியரைத் துயிலவிடாது அலைக்கழித்தன.

பிறர் போரில் சிந்திய குருதி

இக்கடற்படை மலபாரோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் கோட்டை அரசர் புவனேகபாகுவுக்கும் அவர்தம் இளவல் சீதாவாக்கை மாயாதுன்னைக்கும் இடையே அரசுரிமைப் பூசல் மூண்டபோது, தமையனுக்குப் போர்ச்சுக்கீசியர் துணைநின்றனர். தம்பி சாமூதிரியின் உதவியை நாடினார். சாமூதிரி மரைக்காயர் படையை அனுப்பினார். உடன்பிறந்தார் பூசல், கள்ளிக்கோட்டையும் பறங்கியரும் தம்முள் மோதும் களமாக மாறியது.

அவ்வாறு சென்ற பெரும்படையொன்று 1538இல் நம் இராமநாதபுரக் கடற்கரையில், மண்டபத்தை அடுத்த வேதாளையில் தங்கியிருந்தபோது, மார்த்திம் அபோன்சோ தெ சோசாவின் படையால் தாக்கப்பட்டுச் சிதைந்தது. எனினும் மறு ஆண்டே மற்றொரு படை இலங்கைக்குச் சென்றது. இம்முறை மாயாதுன்னை தோல்வியுற்றார்; பறங்கியரிடம் சமாதானம் வேண்டினார். அதற்கு அவர்கள் கேட்ட விலை, உதவிக்கு வந்திருந்த மரைக்காயர் தளபதிகளின் தலைகள். மாயாதுன்னை அவ்விலையைக் கொடுத்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பிறருடைய போரில் கருவியாகச் செல்வோர், அப்போர் முடியும் நாளில் பேரம் பேசுதற்குரிய பொருளாகி விடுகின்றனர். 1539இல் இலங்கையில் நேர்ந்தது, அறுபத்தோராண்டுக்குப் பின் மலபாரிலேயே நேர்ந்தது.

கோட்டையும் ஐயமும்

கள்ளிக்கோட்டைக்குத் தெற்கே சாலியத்தில் 1531இல் பறங்கியர் கட்டிய கோட்டை, சாமூதிரியின் நெஞ்சில் தைத்த முள்ளாக இருந்தது. பீஜப்பூர், அகமதுநகர் சுல்தான்களோடு சாமூதிரி உடன்பாடு கொண்டு எழுந்தபோது, மூன்றாம் குஞ்ஞாலியாகிய பட்டு மரைக்காயரின் கடற்படை துணைநிற்க, 1571இல் அக்கோட்டை வீழ்ந்தது. இவ்வெற்றியை அடுத்து, வடகரைக்கு அருகே ஆற்றுமுகத்தில் கோட்டையொன்று அமைத்துக்கொள்ள மன்னர் அவருக்கு இசைவளித்தார். புதுப்பட்டணம் எனவும், கோட்டக்கல் எனவும் வழங்கிய அவ்விடமே மரைக்காயர் வலிமையின் இருப்பிடமாயிற்று.

ஆயின் மன்னரின் நலனும் தளபதியின் நலனும் என்றும் ஒன்றாய் இருப்பதில்லை. இடையறாத போரால் வாணிக வருவாய் குன்றிய சாமூதிரி, 1584இல் போர்ச்சுக்கீசியரோடு உடன்பாடு கொண்டு, பொன்னானியில் பண்டகசாலை அமைக்க இடமளித்தார். அமைதி மன்னருக்கு ஆதாயம். குஞ்ஞாலிக்கோ அது தம் வாழ்வுக்கே வைக்கப்பட்ட உலை. போர் இல்லையேல் தளபதிக்கு இடம் ஏது? அன்று தொடங்கிய விரிசல் நாளும் விரிந்தது.

மரைக்காயர் படை தன் போரை நிறுத்தவில்லை. 1591இல் யாழ்ப்பாண அரசருக்கு உதவச் சென்ற குஞ்ஞாலியின் உறவினர் குட்டி மூசாவின் கப்பற்படையை அந்திரே புர்த்தாடோ என்னும் போர்ச்சுக்கீசியத் தளபதி அழித்தார். இப்பெயரை நாம் மீண்டும் சந்திக்க இருக்கிறோம்.

இச்சூழலில்தான் 1595இல், மாமன் பட்டு மரைக்காயருக்குப் பின் முகம்மது மரைக்காயர் நான்காம் குஞ்ஞாலியானார். கோட்டையை வலுப்படுத்தினார், படையைப் பெருக்கினார். தம்மை இந்தியக் கடல்களின் தலைவர் என்று அழைத்துக்கொண்டதாகவும், சாமூதிரியின் யானை ஒன்றின் வாலை அறுத்து அவமதித்ததாகவும் போர்ச்சுக்கீசியர் எழுதிவைத்துள்ளனர். பகைவர் கூற்றை அப்படியே ஏற்றல் அறிவுடைமை ஆகாது. எனினும், தளபதி தனியரசர் போல் நடக்கத் தலைப்பட்டார் என்னும் எண்ணம் அரண்மனையில் வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. குஞ்ஞாலி பிழையே இல்லாதவர் என்று நிறுவுவது நம் கருத்தன்று. ஐயமும் செருக்கும் இருபுறமும் வளர்ந்தன. இடையே நின்று இருவரையும் ஒன்றுபடுத்துவார் இல்லை.

பகைவர் இருவர் கைகோத்தல்

அவ்விரிசலில் கால்வைக்கப் பறங்கியர் காத்திருந்தனர். அப்போது கோவாவில் அரசப் பிரதிநிதியாக இருந்தவர் பிரான்சிஸ்கோ ட காமா. 1498இல் வந்த வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரர் இவர். பாதிரியார் ஒருவர் வாயிலாக 1597இல் சாமூதிரியோடு பேச்சு நடந்தது. நிலத்திலிருந்து மன்னர் படையும் கடலிலிருந்து பறங்கியர் படையும் ஒரே வேளையில் கோட்டையைத் தாக்குவதென முடிவாயிற்று. நூறாண்டுப் பகைவர் இருவர், நூறாண்டு நண்பர் ஒருவரை அழிக்கக் கைகோத்தனர்.

அரசப் பிரதிநிதியின் தம்பி லூயி ட காமாவின் தலைமையில் 1599 மார்ச்சில் முதல் தாக்குதல் நடந்தது. அடையாளக் குறிப்பில் நேர்ந்த குழப்பத்தால் இருபடைகளும் ஒருங்கே முன்னேறவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதோர் கூட்டு, களத்தில் தடுமாறியதில் வியப்பில்லை. பறங்கியர் பேரிழப்புற்றுப் பின்வாங்கினர். குஞ்ஞாலியின் புகழ் ஓங்கியது. ஆனால் அவ்வெற்றியே அவருடைய முடிவையும் விரைவுபடுத்தியது எனலாம்.

அதே ஆண்டு இறுதியில் அந்திரே புர்த்தாடோ பெருங்கப்பற்படையோடு வந்தார். சாமூதிரியை நேரிற் கண்டு உடன்படிக்கையைப் புதுப்பித்தார். கடல்வழி அடைபட்டது, நிலவழியும் அடைபட்டது. கோட்டையினுள் உணவு குறைந்தது. துணைவர் சிலர் விலகினர். வெளியிலிருந்து உதவி வரும் என்னும் நம்பிக்கை அற்றபோது, குஞ்ஞாலி தம் மன்னருக்கே தூது விடுத்தார். பறங்கியரிடம் அன்று, சாமூதிரியிடமே சரணடைவதாகக் கூறி, தம் உயிருக்கும் தம் வீரர் உயிருக்கும் உறுதி வேண்டினார். மன்னர் உறுதியளித்தார்.

வாக்கு முறிந்த நாள்

1600 மார்ச் 16. கோட்டை வாயில் திறந்தது. காயமுற்றோரும் பெண்டிரும் சிறுவரும் வெளிவந்தபின், தலையில் கருந்துணி அணிந்து, முனை தாழ்த்திய வாளைக் கையிலேந்திக் குஞ்ஞாலி நடந்துவந்தார். மன்னர் திருமுன் வாளை வைத்து வணங்கினார். அந்நொடியில் அருகே நின்ற புர்த்தாடோ அவர் தோளைப் பற்றி இழுத்துத் தம் வீரரிடம் ஒப்படைத்தார். இது முன்னரே பேசி முடித்த ஏற்பாடு என்று கருதுவோரும் உளர்.

ஆண்டு நின்ற நாயர் வீரர்கள் கொதித்தெழுந்தனர். திங்கள் பலவாகக் குஞ்ஞாலியை எதிர்த்துப் போரிட்டவர்கள் அவர்கள். அவருடைய சமயத்தினர் அல்லர். ஆயினும் சரணடைந்தவருக்குக் கொடுத்த வாக்கு கண்முன்னே முறிவதைப் பொறாது ஆர்ப்பரித்தனர். அக்கிளர்ச்சி அரும்பாடுபட்டே அடக்கப்பட்டது. இவ்வரலாறு முழுவதிலும் நம் உள்ளத்தை மிக உருக்கும் இடம் இதுவேயாகும்.

கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்ட குஞ்ஞாலி, அரசப் பிரதிநிதியின் மாளிகை முன் தலை துணிக்கப்பெற்றார். உடல் கூறாக்கப்பட்டுக் கடற்கரைகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலை உப்பிட்டுக் கண்ணனூருக்கு அனுப்பப்பெற்று, மக்கள் அஞ்சுமாறு கம்பத்தில் நாட்டப்பட்டது. கோட்டக்கல் கோட்டை தரைமட்டமாயிற்று.

வரலாறு உணர்த்துவது

சாமூதிரி பெற்றது என்ன? நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1604இல் அதே சாமூதிரி அரசு, போர்ச்சுக்கீசியரை வெளியேற்றும்பொருட்டு டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தன் கடற்படையைத் தன் கையாலேயே அழித்த அரசு, கடலைக் காக்க மற்றோர் அயலவர் வாயிலில் நிற்கவேண்டியதாயிற்று.

இப்போரைச் சமயப் போர் என்று கூறுவார் கூற்று, மேற்கண்ட நிகழ்ச்சிகளின் முன் நில்லாது. இந்து மன்னரும் முஸ்லிம் தளபதியரும் நூறாண்டு ஒன்றாய் நின்றனர். பிரித்தது சமயமன்று, வருவாயும் ஐயமுமே. பிரிந்த நாளிலும் வாக்கின் தூய்மைக்காகக் குரல் கொடுத்தோர் மாற்றுச் சமயத்து எளிய வீரரே.

இன்று குஞ்ஞாலியின் பெயர் மறையவில்லை. மும்பையில் இந்தியக் கடற்படையின் தளமொன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை குஞ்ஞாலியின் போர்ப்படகைச் சித்திரித்து அஞ்சல்தலை வெளியிட்டது. இரிங்ஙலில் அவருக்கு நினைவகம் உள்ளது. கொள்ளையர் எனப்பட்டவரைக் காலம் காவலர் என ஏற்றுக்கொண்டது.

மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றை வீரக்கதையாக மட்டும் படித்து அமைதல் கூடாது. வலியவர் தம் பகையைத் தீர்க்க எளியவர் கையில் படைக்கலம் கொடுப்பதும், பகை தணிந்தபின் அவரையே விலையாக்கிச் சமாதானம் வாங்குவதும் உலகில் இன்றும் ஓயாத வழக்கம். அந்நிலையில் கேட்கவேண்டிய வினா, கோட்டை யாருடையது என்பதன்று. கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்பதே. அவ்வினாவைக் கோட்டக்கல் கடற்கரையில் எழுப்பிய பெயர் தெரியா நாயர் வீரரும், குஞ்ஞாலியைப் போலவே நம் வணக்கத்துக்குரியவர் ஆவர்.