ஆடத் தெரியாதவர் காப்பாற்றிய ஆட்டம்
லண்டன் புத்தகக் கடைக்காரர் சிரில் போமான்ட் வரலாறு

அவர் நடனக்காரர் அல்லர். ஒரு நாளும் மேடை ஏறி ஆடியவர் அல்லர். லண்டன் கடைத் தெரு ஒன்றில் புத்தகம் விற்றுப் பிழைத்தவர். ஆனால் ஐரோப்பாவின் பாலே நடனப் பயிற்சி முறை ஒன்று, வயது முதிர்ந்த ஓர் ஆசானோடு மண்ணுக்குள் போய்விடாமல் இன்றும் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது என்றால், அதற்கு அவரே முக்கிய காரணம். அவர் பெயர் சிரில் போமான்ட்.

1891-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பிறந்தவர் போமான்ட். இளமையில் ரசாயனம் படித்து ஆராய்ச்சியாளர் ஆவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் மனமோ புத்தகத்தில் இருந்தது. 1910-ம் ஆண்டு, இருபது வயது நிரம்பும் முன்பே, தந்தையின் உதவியோடு சேரிங் கிராஸ் ரோட்டில் 75-ம் எண் கடையில் புத்தக வியாபாரத்தைத் தொடங்கினார்.

பெங்களூர் அவென்யூ ரோட்டிலும் பம்பாய் கோட்டைப் பகுதி நடைபாதையிலும் பழைய புத்தகம் புரட்டியவர்களுக்கு அந்தத் தெருவின் தன்மையைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். வாங்குபவரை விட நின்றபடியே படித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

திசை திருப்பிய நடனம்

1911-ம் ஆண்டு லண்டன் பேலஸ் தியேட்டரில் ருஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவா ஆடினார். அதைக் கண்ட போமான்ட், தியாகிலெவ் என்பவரின் ருஷ்ய நடனக் குழு லண்டனில் ஆடியபோதும் விடாமல் போய்ப் பார்த்தார். கடையில் மெல்ல மெல்ல மற்ற புத்தகங்கள் பின்னால் போயின. நடனப் புத்தகங்களும், பழைய நடனப் படங்களும் முன்னால் வந்தன. 1914-ல் அவரை மணந்த ஆலிஸ் அம்மையாரும் கடைப் பணியில் துணை நின்றார்.

நடன நுணுக்கம் பற்றிய பழைய நூல்களைத் தேடுவது எளிய வேலை அல்ல. அவை முதலில் அச்சானதே குறைந்த பிரதிகள். ஆசிரியரும் மாணவரும் கையில் வைத்துப் பழகிக் கிழித்தவை பல. படத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடி போட்டு விற்றுவிடும் வியாபாரிகளால் பாழானவை வேறு. முழுமையாக ஒரு பிரதி கிடைப்பதே அதிர்ஷ்டம்.

பழைய நூல், புதிய உயிர்

போமான்ட் சேகரித்துப் பூட்டி வைக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் இருந்த அரிய நூல்களை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

பிரான்சில் லாங்கர் நகரில் வாழ்ந்த பாதிரியார் ஒருவர், துவானோ ஆர்போ என்ற புனைபெயரில் 16-ம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு நடன நூல் எழுதினார். குருவும் சீடனும் உரையாடுவது போல் அமைந்தது அது. இசைக் குறிப்பின் பக்கத்திலேயே எந்த இடத்தில் எந்தக் காலடி என்று அதில் எழுதியிருந்தது. 1925-ல் போமான்ட் அதை ஆங்கிலத்தில் கொண்டு வந்தார். பாலே என்பது வெறும் துள்ளல் அல்ல, கதையையும் உணர்ச்சியையும் சொல்ல வேண்டிய கலை என்று வாதாடிய நோவேரின் கடிதங்கள் முதலில் வெளியானது 1760-ல். அதன் மொழிபெயர்ப்பை 1930-ல் வெளியிட்டார். 1725-ல் பாரீசில் வெளியான பியர் ராமோவின் நடன ஆசான் நூலை 1931-ல் தந்தார்.

கடையின் கீழ்த்தளத்தில் கையச்சு இயந்திரம் ஒன்றும் வைத்திருந்தார். போமான்ட் அச்சகம் என்ற பெயரில் 1917 முதல் 1931 வரை 26 நூல்கள் அழகாக அச்சாகி வெளிவந்தன. பகலில் வியாபாரம், மாலையில் அரங்கம், மீதி நேரத்தில் அச்சும் எழுத்தும்!

செக்கெட்டி என்னும் ஆசான்

இத்தனையும் செய்தாலும், அவர் செய்த பெரும் பணி வேறு.

இத்தாலியில் 1850-ல் பிறந்தவர் என்ரிக்கோ செக்கெட்டி. ருஷ்யப் பேரரசின் நடனப் பள்ளியில் கற்பித்தவர். பாவ்லோவாவுக்கும் ஆசான். 1918-ல் அவர் லண்டனில் பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது 68. கையில் ஒரு தடி. அதைத் தரையில் தட்டித் தாளம் போடுவார். வாயால் சீழ்க்கை அடித்து மெட்டுக் கொடுப்பார்.

அவர் முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ரயில்வே கால அட்டவணை போல, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இன்ன பயிற்சி என்று வகுத்திருந்தார். ஆறு நாள் முடிந்தால் உடம்பின் எல்லாப் பகுதிகளுக்கும் முறையாக வேலை கொடுத்திருக்கும். செக்கெட்டியின் குரு லெப்ரி. லெப்ரியின் குரு, 1820-ல் மிலான் நகரில் நடன இலக்கண நூல் வெளியிட்ட பிளாசிஸ். இப்படி ஆசான் வழியாக வந்த வித்தை அது.

ஆனால் ஆசான் கண்ணை மூடினால்? ஒவ்வொரு மாணவரும் தமக்கு நினைவு இருப்பதைச் சொல்லிக் கொடுப்பார். ஒருவர் கையை உயர்த்துவார், இன்னொருவர் தாழ்த்துவார். இரண்டு தலைமுறையில் மூலம் எது, திரிபு எது என்று தெரியாமல் போய்விடும். பழைய நூல்களோடு பழகிய போமான்டுக்கு இந்த ஆபத்து புரிந்தது. ஏட்டில் ஏறாத ஆட்டங்கள் எத்தனை அழிந்தன என்பதை அவர் அறிவார்.

முழு முறையையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். செக்கெட்டியிடம் பயின்ற போலந்து நடனக் கலைஞர் இட்சிகோவ்ஸ்கி உடன் உழைத்தார். ஷ்வாப் என்ற ஓவியர் படம் வரைந்தார். அசைவை எழுத்தில் சொல்வது லேசான காரியமா? பாதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முழங்கால் எவ்வளவு மடிய வேண்டும், கை எங்கே, தலை எங்கே என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது. ஆசானே பார்த்து ஒப்புதல் தந்து முன்னுரையும் எழுத, 1922-ல் அந்தக் கையேடு வெளிவந்தது. நூல் மட்டும் போதாது என்று அதே ஆண்டில் செக்கெட்டி சங்கம் தோன்றவும் போமான்ட் முன் நின்றார். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரே அளவுகோலில் தேர்வு நடத்த அது வழி செய்தது.

அடுத்த ஆண்டே செக்கெட்டி லண்டனை விட்டுப் போய்விட்டார். 1928-ல் மிலான் நகரில் காலமானார். ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தால் அந்தக் கையேடு அவர் கண்முன் உருவாகியிருக்காது. பாவ்லோவாவின் அறிவுரையால் நம் நாட்டு நடனத்தின் பக்கம் திரும்பியவர் கலாக்ஷேத்ரா கண்ட ருக்மணி தேவி என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

கடைசிக் காலம்

1937-ல் போமான்ட் எழுதிய பாலே நாடகங்களின் தொகுப்பு நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. 1950-ல் பிரெஞ்சு அரசும், 1962-ல் பிரிட்டிஷ் அரசும் அவருக்கு விருது அளித்தன. 1965-ல், 55 ஆண்டுகள் நடத்திய கடையை மூடினார். 1976 மே மாதம், 84-வது வயதில் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களும் படங்களும் ஏலத்தில் சிதறவில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நாடகத் தொகுப்பில் இடம் பெற்றன.

அவர் வெளியிட்ட நூல்களே இன்று பழைய புத்தகக் கடைகளில் தேடப்படும் பொருளாகிவிட்டன. கையேடு பலமுறை மறுபதிப்புக் கண்டுவிட்டது. அதைப் பார்த்துக் கால் வைக்கும் குழந்தைகளில் பலருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்காது.

பெரிய பட்டம் இல்லை, மேடைப் புகழ் இல்லை. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே ஒரு கலைக்குக் காவல் இருந்தார். பிழைப்புக்காகச் செய்யும் வேலைக்கு நடுவிலும், உருப்படியாக ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போக முடியும் என்பதற்கு அந்தப் புத்தகக் கடைக்காரரின் வாழ்க்கையே சாட்சி.