தேர்ந்து வளர்த்த தட்டு: சேர் அலெக்சாண்டர் பிளெமிங்

பெனிசிலின் என்னும் பெயரை அறியாதார் இன்று அரியர். அதனைக் கண்டவர் சேர் அலெக்சாண்டர் பிளெமிங் என்பது பாடசாலைச் சிறுவரும் அறிந்த செய்தியே. ஆயினும், அப்பொருள் நோயாளிக்கு மருந்தாவதற்கு முன், பத்தாண்டுகளுக்கு மேலாக ஆய்கூடத்திலே ஒருவகைக் கிருமியை ஏனையவற்றினின்றும் பிரித்து வளர்ப்பதற்குரிய துணைப்பொருளாகவே பயன்பட்டது என்பதைப் பலர் அறியார். அவருடைய வாழ்க்கையை அவ்வழியே நோக்குதல் விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்குப் பெரிதும் பயன்றரும்.

பிளெமிங் 1881 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6 ஆம் நாள், ஸ்கொத்லாந்து தேசத்தில் டார்வெல் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணைவீட்டிற் பிறந்தார். ஏழாவது வயதிலே தந்தையாரை இழந்தார். பதின்மூன்று வயதளவில் இலண்டன் மாநகர் சென்று தமையன்மாரோடு வாழ்ந்து, சிறிது காலம் கல்வி பயின்றபின், கப்பற் கம்பனி ஒன்றில் நான்காண்டுகள் எழுதுவினைஞராக உழைத்தார். சிறிய தந்தையார் ஒருவர் விட்டுச்சென்ற சிறு முதுசொம் கைக்கு வரவே, 1901 ஆம் ஆண்டிலே சென் மேரி வைத்தியசாலையின் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரிக்கு எதிராக ஒருமுறை நீர்ப்பந்து விளையாடியிருந்தமையே அதனை அவர் தெரிந்தெடுத்தற்குக் காரணமாயிற்று. 1906 இல் வைத்தியராகத் தேறியவர், சத்திரவைத்தியராகப் பிறிதிடம் செல்லாது அங்கேயே தங்குதற்கு அவருடைய துப்பாக்கி சுடுந் திறமையும் துணையாயிற்று. அக்கல்லூரிச் சுடுகுழுவினர் அவரை இழக்க விரும்பவில்லை. இவ்வாறு அவர் சேர் அல்ம்ரோத் ரைட் அவர்களின் தடுப்பூசிப் பகுதியிற் சேர்ந்து கிருமியியலாளரானார்.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே பிரான்சு தேசத்துப் புலோன் நகரில் இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தார். ஆழ்ந்த புண்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள், கிருமிகளை அழிப்பதினும் மிகுதியாக உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களையே அழித்தன என்பதை அவர் அங்கே கண்டு நிறுவினார். கிருமிக்குப் பகையாயும் உடலுக்குத் தீங்கற்றதாயும் உள்ள பொருள் யாது என்னும் வினா அன்றுமுதல் அவர் உள்ளத்திலே குடிகொண்டது. 1921 இல் மூக்குச்சளியிலும் கண்ணீரிலுமுள்ள இலைசோசைம் என்னும் பொருளை அவர் கண்டறிந்தமை அவ்வினாவின் வழிவந்த முதற்பயனாகும்.

இனி, ஆய்கூடத்தின் இடர்ப்பாடு ஒன்றை அறிதல் வேண்டும். நோயாளியின் தொண்டையிற் பஞ்சினாலே தடவி எடுத்ததை ஊட்டமுள்ள ஏகார்த் தட்டில் இட்டால், அங்குள்ள கிருமிகள் பலவும் ஒருங்கே முளைக்கும். விரைந்து வளர்வன மெல்ல வளர்வனவற்றை மூடிவிடும். நெல்லினும் களை செழித்த வயல்போல, நாம் தேடுங் கிருமி கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிடும். ஆகவே, வேண்டாதவற்றை அடக்கி வேண்டுவதை மாத்திரம் வளரவிடும் ஊடகம் தேவையாயிற்று. மக்கொங்கி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பித்த உப்புக்களைச் சேர்த்து, குடலில் வாழுங் கிருமிகளுக்கு அத்தகைய ஊடகத்தை ஆக்கினார். அப்பித்த உப்பு ஏனைய பலவற்றைத் தடுக்கும்; குடற்கிருமிகளோ அதற்குப் பழகியவை.

இன்புளுவென்சாவுக்குக் காரணமென 1892 இல் பைபர் என்னும் ஜெர்மானியர் கூறிய கோலுருக் கிருமிக்கோ இத்தகைய வசதி இருக்கவில்லை. அது குருதியிலுள்ள பொருள்களை வேண்டுவது. தொண்டையிலுள்ள பிற கிருமிகளால் எளிதில் மூடப்படுவது. தடுப்பூசி ஆக்கும் பகுதியில் இருந்த பிளெமிங்குக்கு அதனைத் தூய்மையாகப் பெறுதல் நாளாந்தத் தேவையாயிருந்தது.

1928 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, விடுமுறை கழித்து மீண்ட பிளெமிங், மேசைமீது கிடந்த தட்டொன்றில் பூஞ்சணம் படிந்திருத்தலையும், அதனைச் சூழ இருந்த ஸ்டபிலோகொக்கசுக் கூட்டங்கள் கரைந்து போயிருத்தலையும் கண்டார். பிறர் கழுவி வைத்திருக்கக்கூடிய தட்டை அவர் ஆராய்ந்தார். பூஞ்சணம் வளர்ந்த சாற்றுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, எக்கிருமிகள் அதற்குப் பணிகின்றன, எவை பணியவில்லை என ஒவ்வொன்றாகச் சோதித்தார். தொண்டையை நிறைக்கும் உருண்டைக் கிருமிகள் பல பணிந்தன. பைபரின் கிருமி பணியவில்லை. அழியாது நின்றதனையும் அவர் கருத்திற் கொண்டமையே இங்கு சிறப்பு. சிறிது பெனிசிலினைத் தட்டிற் பரப்பினால் ஏனையவை அடங்க, அவர் தேடிய கிருமி தனித்து வளர்ந்தது. 1929 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே இப்பயனைக் குறிப்பிடுகின்றது.

அச்சாறு விலங்குகளுக்கும் வெண்குருதிக் கலங்களுக்கும் தீங்கு செய்யாமையை அவர் கண்டதும், புண்களுக்கு மருந்தாகலாம் எனக் குறித்ததும் உண்மையே. ஆயினும், அது விரைவிற் சிதைந்தது. தூய்மையாக்க முயன்ற அவருடைய உதவியாளர் வெற்றி பெறவில்லை. எனவே, முப்பதுகளில் அவர் அதனைப் பெரும்பாலும் ஆய்கூடத்துக் கருவியாகவே கையாண்டார். இதனைக் குறையெனக் கூறுவாரும் உளர். ஆனால், அச்சிறு பயனின் பொருட்டே பூஞ்சணம் கைவிடப்படாது வளர்க்கப்பட்டது. கேட்ட ஆய்கூடங்களுக்கும் அதனை அவர் வழங்கினார். ஒக்ஸ்போட்டிலே புளோரி, செயின், ஹீற்லி ஆகியோர் பயன்படுத்தியதும் அதன் வழிவந்ததே. 1940 மே 25 ஆம் நாள் அவர்கள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றி, நான்கிற்கு மாத்திரம் பெனிசிலின் கொடுத்தனர். மறுநாட்காலை மருந்து பெற்ற நான்கே உயிரோடிருந்தன. மருந்தாக்கிய புகழ் அவர்களுக்கே உரியது. 1945 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டமை நீதியே.

காலத்தின் விளையாட்டையும் காண்க. இன்புளுவென்சாவுக்குக் காரணம் வைரசே என 1933 இல் நிறுவப்பட்டது. பைபரின் கிருமி அந்நோய்க்குக் காரணமன்று. எனினும் குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்குக் காரணமாவது. அதனைப் பிரித்தெடுக்க, இன்றும் சூடாக்கிய குருதி சேர்ந்த ஏகாரிற் பாசிற்றாசின் என்னும் நுண்ணுயிர்கொல்லியைச் சேர்க்கின்றனர். பொருள் மாறினும் முறை பிளெமிங் காட்டியதே.

நோபல் உரையில் அவர் விடுத்த எச்சரிக்கையும் இத்தட்டோடு தொடர்புடையது. பெனிசிலினைக் குறைந்த அளவில் உட்கொள்வோர் கிருமிகளை அதற்குப் பழக்கிவிடுவர் என்றார் அவர். மருந்தை அரைகுறையாக உண்பவன் தன் உடலையே தேர்வூடகமாக்குகின்றான். பணிவன அழிய, எதிர்ப்பன தழைக்கின்றன. தட்டிலே நமக்கு நன்மை செய்த அதே விதி, உடலிலே நமக்குத் தீமை செய்கின்றது. இதனை அவரினும் நன்கறிந்தவர் யார்?

1955 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் இலண்டனிற் காலமான பிளெமிங், சென் போல் பேராலயத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். அவருக்கு வாய்த்தது நல்லூழ் என்பர். ஊழ் தட்டிலே பூஞ்சணத்தை இட்டது மெய். அதனை எறியாது நோக்கியதும், சிறு பயனையும் இகழாது பேணியதும் அவர் செயல். ஆய்கூடத்தில் நாளும் தட்டுக் கழுவும் நம் மாணவர், கழுவுமுன் ஒருமுறை உற்றுநோக்குவாராக.